கொசுறு ஒரு வாரம்

குமிழித்தாள் விரித்துப் படுத்தோம்.
புரளும்போதெல்லாம் வெடித்தது.
முதல் இரவில் யார் யார் தூங்கவில்லை என்பதை
அந்தச் சத்தத்தை வைத்தே எல்லோரும் அறிந்துகொண்டோம்.
மூன்றாம் இரவு டிம்ப்னா ஒரு கோணி ஊசியோடு உட்கார்ந்து
முப்பத்தொரு பேர் படுக்கையையும் குத்தி முடித்தாள்.
சத்தம் நின்றது.
தரையின் குளிர் நேராக முதுகுக்கு வந்தது.

அத்லோனுக்கு வெளியே, ஷானன் ஆறு
குளிர்காலத்தில் வயலுக்குள் வந்து குடியிருக்கும் இடத்தில்,
நாங்கள் தராசு செய்தோம்.
கசாப்புக் கடைக்கு, தபால் நிலையத்துக்கு,
ஆணிகளை எடையாலேயே எண்ணிச் சொல்லும் தராசு,
பிறந்த குழந்தையைக் கிடத்தக் குழிந்த தட்டு வைத்த தராசு.
பதினாறு வருடமாக எனக்குக் கடைசி மேசை.
ஐந்து கிலோவை ஏற்று. இறக்கு.
பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறதா பார்.
திரும்பாவிட்டால் பெட்டிக்குள் போடாதே.

கலைப்பு அதிகாரி மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வாரச் சம்பளம்,
அதற்கு மேல் எல்லோருக்கும் ஒரு வாரம்,
சட்டப்படி, என்றார்.
"போன தடவை ஆள் குறைத்தபோது ஐந்து வாரம்"
என்றார் மாலக்கி, நாற்பத்தொரு வருடக்காரர்.
"அது போன தடவை."

என் கணக்கு: முப்பத்து மூன்று வாரம்.
போன தடவை போயிருந்தால் என் பதினாறுக்கு எண்பது.
மிச்சம் நாற்பத்தேழு வாரத்தை
யாரோ தட்டுக்கு அடியில் விரல் வைத்துத் தூக்குகிறார்கள்.
அந்தத் தந்திரம் எங்களுக்குத் தெரியாதா என்ன.

யாரும் முழக்கமிடவில்லை.
ஷிப்ட் முடிந்ததும் மேல்கோட்டு எடுக்கப் போன ஃபியக்ரா
ஆணியில் தொங்கியதன் மேல் கையை வைத்தபடி நின்றான்.
எடுக்கவில்லை.
திரும்பிப் போய்க் கெட்டிலில் தண்ணீர் ஊற்றினான்,
எப்போதையும்விட நிறைய.
ரிமான்டாஸ் பளுதூக்கி வண்டியை ஓட்டிப்போய்
வாசலுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.
அவ்வளவுதான் புரட்சி.

நான்காம் நாள் அவன் மனைவி
ஜன்னல் வழியே குழந்தையை நீட்டினாள்.
அனுப்பாமல் நின்ற பெட்டியொன்றைப் பிரித்து
உக்னேயைத் தட்டில் கிடத்தினோம்.
நான்கு கிலோ முந்நூற்றுப் பத்து.
அடுத்த வாரம் நான்கு கிலோ ஐந்நூற்று முப்பது.
சுவரில் எழுதி வைத்தோம், உற்பத்திப் பலகையில்,
இலக்கு என்ற கட்டத்துக்குக் கீழே.
வெளியே வழக்கறிஞர்கள் எங்களைக் குறித்துப் பேசிய வாரங்களில்
இந்தக் கட்டடத்தில் வளர்ந்தது அது ஒன்றுதான்.
டிம்ப்னாவுக்கு இருமல். மாலக்கியின் இடுப்புக்கச்சு
இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது.

கசாப்புக் கடைக்காரர் தொத்திறைச்சி கொண்டுவந்தார்.
எங்கள் தராசிலேயே ஏற்றிக் காட்டினார், சரியாக ஐந்து கிலோ.
பிறகு கையில் மறைத்திருந்த இரண்டைச் சேர்த்துப் போட்டுக்
கொசுறு என்று கண்ணடித்தார்.
சிரித்தோம்.
சட்டத்தின் அந்த ஒரு வாரம் நினைவுக்கு வர
சிரிப்பு ஒவ்வொருவராக அணைந்தது.

இருபத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது:
மூன்றரை வாரம். இதுவே கடைசி.
ஒரே அளவில் தாள் வெட்டினோம்.
ஏற்போர் பெட்டி, மறுப்போர் பெட்டி.
கைகள் நடுங்கியதால் எண்ணும் தராசிடம் விட்டோம்.
பத்தொன்பது என்றது. பதினொன்று என்றது.
கூட்டினால் முப்பது.
பழுது என்றான் ஃபியக்ரா, தட்டை ஊதினான், மறுபடி வைத்தான்.
பழுதில்லை.
என் தாள் என் உள்ளங்கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.
எதில் போட்டாலும் எதுவும் மாறாது,
அதனால்தான் போட முடியவில்லை.
மாலக்கி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சாமான்களை மூட்டை கட்டும் நேரத்தில்
கடைசி மேசைக்குப் போனேன்.
ஐந்து கிலோ ஏற்றினேன், இறக்கினேன்.
இரண்டு கிராம் காட்டி நின்றது.
தூசியாக இருக்கும்.
துடைக்கவில்லை.

மேல்கோட்டை எடுத்தேன்.
இருபத்தொன்பது நாள் தொங்கியதில்
கழுத்துக்குக் கீழே ஆணி ஒரு புடைப்பை விட்டிருந்தது.
போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன்,
முதுகில் யாரோ ஒற்றை விரலை வைத்துக்கொண்டு
கூடவே வருவதுபோல.